நூல் போடுகிறவனின் சொந்தப் பக்கம்

நமது நாட்டில் ஒரு தமிழ் நூலைப் பற்றி முதலில் பேசுகிறவர் விமர்சகர் அல்ல, அதை வெளியிட்டவர்தான். பல வேளைகளில் கடைசியாகப் பேசுகிறவரும் அவரே. வெளியீட்டு விழாவில் தலைமையுரை, வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை என்று ஒரு பின்னேரம் முழுக்கப் பேச்சு நடக்கும். ஹாஜியார் ஒருவர் முதற் பிரதியைப் பெற்றுக்கொள்வார். கடித உறைக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கும் நூலாசிரியருக்கும் மட்டும் தெரியும். இரண்டொரு நாளில் பத்திரிகையில் படம் வரும். அதோடு அந்த நூலின் பொதுவாழ்வு முடிந்தது. அதற்குப் பிறகு யாராவது அதைப் பற்றி நாலு வரி எழுதினால், அது பெரும்பாலும் வெளியிட்டவரே தன் சஞ்சிகையின் பின்பக்கத்திலோ, தன் பத்தியிலோ, பொதிக்குள் வைத்து அனுப்பும் மடலிலோ எழுதுவதாகத்தான் இருக்கும்.

ஆகவே பதிப்பாளர் தன் பெயரில், தன் குரலில் தொடர்ந்து எழுதுவதை ஓர் எழுத்து வகையாகவே எடுத்து மதிப்பிட வேண்டும் என்பது என் நினைப்பு. இதுவரை நாம் அதை விளம்பரம் என்று ஒதுக்கினோம், இல்லாவிட்டால் தியாக வரலாறு என்று தலையில் தூக்கி வைத்தோம். இரண்டுமே வாசிப்பு ஆகாது. நானும் சின்ன அளவில் நூல் போடுகிறவன். போகிற ஒவ்வொரு பொதியோடும் இரண்டு பக்க மடல் ஒன்று வைத்து அனுப்புகிறேன். எனவே இதைப் பக்கச்சார்பே இல்லாத ஒருவரின் கருத்தாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எழுத்தும் அச்சும் ஒரே ஆளின் கையில் இருப்பது நமக்குப் புதிதல்ல. அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’ அதே முஸ்லிம் நேசன் அச்சகத்திலிருந்து வந்தது. எழுதியவரும் அவர், அச்சிட்டவரும் அவர், அதை வாசிக்க ஒரு கூட்டத்தைப் பத்திரிகை மூலம் உருவாக்கியவரும் அவர். தொழிலால் சட்டத்தரணி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம்மவர்களில் நூல் வெளியிட்டே வயிறு வளர்த்தவர் என்று ஒருவரைக் காட்டுவது அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம். ஆசிரியத் தொழிலோ கடையோ காணியோ பக்கத்தில் இருந்தால்தான் இந்த வண்டி ஓடும்.

அடுத்துக் கல்ஹின்னை. நமது இலக்கிய வரலாற்றை எழுத வருகிற எவரும் எம்.எம். உவைஸ் அவர்களைத் தொடாமல் போக முடியாது. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1953இல் வந்தது. வெளியிட்டது கொழும்பின் பெரிய நிறுவனம் எதுவுமல்ல, சென்னையும் அல்ல. கண்டி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்த தமிழ் மன்றம். அதை நடத்திய எஸ்.எம். ஹனிபா பத்திரிகையாளர். இன்று அந்த நூலை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடிக்குறிப்பில் ‘கல்ஹின்னை’ என்ற சொல்லை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மலையகக் கிராமத்திலிருந்து ஆய்வு நூல் ஒன்று, அதுவும் ஆங்கிலத்தில், எப்படி வெளியே வந்தது என்ற கேள்வி அடிக்குறிப்புக்குள் அடங்காது. எத்தனை பிரதி, எவ்வளவு கடன், எத்தனை தரம் புரூப் பார்க்கப்பட்டது, விற்காததை எங்கே அடுக்கி வைத்தார்கள் என்றெல்லாம் நூல் தானாகச் சொல்லாது. சொல்லக்கூடியது பதிப்பாளரின் சொந்த எழுத்து மட்டும்தான். நம்மிடையே குறைவாக இருப்பதும் அதுதான்.

அது நிறையவே இருக்கிற ஒரு இடத்தைப் பார்ப்போம். டொமினிக் ஜீவா.

ஜீவா நம் சமூகத்தவர் அல்ல. ஆனால் ‘மல்லிகை’ நமக்கு வெளியே நின்ற சஞ்சிகையும் அல்ல. திக்குவல்லை கமாலும் மேமன்கவியும் இன்னும் எத்தனையோ முஸ்லிம் எழுத்தாளர்களும் தம் இலக்கிய முகவரியை அங்கேதான் தேடிக்கொண்டார்கள். தென்மாகாணக் கரையோரத்தில் பேசும் தமிழை அச்சில் பார்த்து யாழ்ப்பாணத்து வாசகர் திகைத்ததற்கு மல்லிகைதான் ஒரு காரணம். 1966 ஆகஸ்டில் தொடங்கி 2012 வரை, நானூறையொட்டிய இதழ்கள். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் குடும்பத்தின் சலூனில் முடிவெட்டிக்கொண்டே ஆரம்ப வருடங்களை நடத்தினார். இதழைத் தோளில் தொங்கும் பையில் போட்டுத் தெருத் தெருவாக விற்றார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்பு வந்து ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து தொடர்ந்தார். ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பெயரில் நூல்களும் போட்டார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரிந்த கதை என்பதாலேயே அவர் எழுதியதை யாரும் கவனமாக வாசிப்பதில்லை என்பது என் சந்தேகம்.

அவருடைய சொந்த எழுத்து மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று சிறுகதைகள். ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அதை இங்கே விடுவோம். இரண்டாவது, இதழின் கேள்வி–பதில் பகுதியான ‘தூண்டில்’. மூன்றாவது, வாழ்க்கை வரலாற்று நூல்கள்: 1999இல் வந்த ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’, அதன் தொடர்ச்சியான ‘அச்சுத்தாளினூடாக ஓர் அனுபவப் பயணம்’.

இவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது தூண்டில். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் முடிவைத் தெரிந்துகொண்டு எழுதுகிறார். தான் வென்றவன் என்று அவருக்கு முன்பே தெரியும். மாதாமாதம் கேள்விக்குப் பதில் எழுதுகிறவருக்கு அடுத்த இதழ் வருமா என்றே தெரியாது. யாரோ ஒரு ஊரிலிருந்து ஒருத்தர் தபாலட்டையில் கேட்கிறார், இவர் பதில் சொல்கிறார். சில நேரம் கோபம், சில நேரம் கிண்டல், சில நேரம் சுத்தமான தற்பெருமை. ஆனால் அந்தப் பதில்களுக்குள் ஒரு சஞ்சிகைக்காரனின் அன்றாடம் வந்து விழுந்துவிடுகிறது. கடதாசி விலை, தபால் செலவு, சந்தா கட்டாத நண்பர்கள், இந்தியச் சஞ்சிகைகளின் போட்டி எல்லாம். இவை இலக்கியம் அல்ல என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், அந்தக் காலத்தில் வீரகேசரி பிரசுரம் போன்றவை உள்நாட்டு நாவல்களை அடுத்தடுத்து வெளியிட்டதும், 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் அந்த வாசலை மறுபடியும் திறந்துவிட்டதும் வரலாற்று நூல்களில் இரண்டு வசனமாக இருக்கின்றன. அது ஒரு சின்ன சஞ்சிகைக்காரனின் பையில் எவ்வளவு பாரமாக இறங்கியது என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் கால மல்லிகைகளைப் புரட்ட வேண்டும்.

வாழ்க்கை வரலாறுகளைப் பற்றி என் கருத்து அவ்வளவு இனிப்பாக இல்லை. முதல் நூலில் பாடசாலையில் பட்ட அவமானமும் சலூனும் வருகிற பகுதிகள் அசைக்க முடியாதவை. சாதி என்றால் என்ன என்று அறியாத பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் அதை எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதை வாசித்தவர் மறக்க மாட்டார். ஆனால் மேடைகளும் பாராட்டுகளும் பெரிய மனிதர்களும் வரத்தொடங்கியதும் நடை தளர்ந்துவிடுகிறது. யார் வந்தார், யார் புகழ்ந்தார், யார் மாலை போட்டார். நமது விழா அறிக்கைகளின் வாசனை. சஞ்சிகைக்காரன் தூண்டிலில் மறைக்காததை வாழ்க்கை வரலாற்றில் மாலைகளுக்குக் கீழே வைத்துவிட்டார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அவர் பட்ட பாட்டுக்கு இந்தப் பெருமையும் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், தாராளமாக வேண்டும். பெருமை நியாயமா என்பதல்ல என் கேள்வி. பின்னால் வருகிற பதிப்பாளனுக்கு எந்தப் பக்கம் உதவும் என்பதுதான்.

இன்னொன்று. மல்லிகை அட்டைகளில் எழுத்தாளர்களின் படத்தைப் போட்டது ஜீவா செய்த மிகத் துணிச்சலான காரியம். சஞ்சிகை அட்டை என்றாலே சினிமா நடிகை என்றிருந்த காலத்தில் உள்ளூர் ஆசிரியரையும் தொழிலாளியையும் கவிஞரையும் முகப்பில் வைத்தார். பிறகு ‘அட்டைப்பட ஓவியங்கள்’ என்று நூலாகவும் தொகுத்தார். ஆனால் அட்டைக்குரியவரைப் பற்றி உள்ளே எழுதுகிறவர் அவருக்கு வேண்டியவராகவே இருந்தார். அந்தக் கட்டுரைகளில் எழுத்தாளரின் ஊர், படிப்பு, பண்பு எல்லாம் கிடைக்கும். எழுத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது மட்டும் கிடைக்காது. பதிப்பாளரும் ஆசிரியரும் ஒரே ஆளாகி, அவரைச் சுற்றி நண்பர் கூட்டமும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். நம்மவர்களின் சஞ்சிகைகள் மல்லிகையிடமிருந்து அட்டைப்படத்தைக் கற்றுக்கொண்டன, இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டன.

இதற்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் லெனாட் வுல்ஃபைச் சொல்வேன். சிரிக்க வேண்டாம், அவருக்கும் நமக்கும் உறவு உண்டு. யாழ்ப்பாணத்திலும் மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பிலும் வேலை பார்த்து, 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அதே வுல்ஃப். அந்த வருடங்களில் அவர் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் பின்னர் இங்கேயே நூலாக வந்தன. உப்பு எவ்வளவு சேர்ந்தது, மாட்டு நோயில் எத்தனை மாடு செத்தது, இன்று எத்தனை மைல் போனேன் என்று எண்ணி எழுதுகிற கை அது. ஊருக்குத் திரும்பியபின் 1917இல் மனைவி வெர்ஜீனியாவோடு சேர்ந்து வீட்டுச் சாப்பாட்டறையில் ஒரு சின்ன கை அச்சுப்பொறியை வைத்து ஹோகாத் அச்சகத்தைத் தொடங்கினார். முதல் வெளியீடு இருவரின் ஒவ்வொரு கதையும் சேர்ந்த சின்ன நூல், ஏறத்தாழ 150 பிரதிகள். எழுத்துக் கோர்த்ததும் தைத்ததும் அவர்களே.

வயதான பிறகு அவர் எழுதிய சுயசரிதையில் அந்த அச்சகத்தின் கணக்கு வருகிறது. பவுண், ஷிலிங், பென்ஸ் சகிதம். இந்த நூலுக்குக் கடதாசி இவ்வளவு, அந்த நூலில் லாபம் இவ்வளவு, இதில் நட்டம். டி.எஸ். எலியட்டின் கவிதையை வெளியிட்டவர் என்று மார்தட்ட எல்லா உரிமையும் இருந்தும் மனிதர் கணக்குக் கொப்பியைத் திறந்து வைக்கிறார். அதை வாசிக்கும்போது அலுப்பு வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அலுப்பான பக்கங்களை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் ஒரு நூல் எப்படிப் பிழைத்தது என்று ஒரு ஆய்வாளர் எழுதிவிடலாம். நமது விழா மலர்களை வைத்து அப்படி எழுத முடியுமா?

ஜீவாவின் சூடு வுல்ஃபிடம் இல்லை. வுல்ஃபின் கணக்கு ஜீவாவிடம் முழுமையாக இல்லை, தூண்டிலில் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. வசதியும் தொடர்புகளும் உள்ள வெள்ளைக்காரரையும் முடிவெட்டிப் பிழைத்தவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல என்றும் தெரியும். நட்டத்தைச் சொன்னாலும் வுல்ஃபின் கௌரவம் குறையாது. ஜீவா நட்டத்தைச் சொன்னால் ‘இவனுக்கெல்லாம் ஏன் இந்த வேலை’ என்று கேட்க ஒரு ஊரே காத்திருந்தது. அவர் மாலைகளை எழுதியதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம்.

இன்றைக்கு நம்மவர் ஒருவர் நூல் போட நினைத்தால் முந்நூறு பிரதிக்கு மேல் போகப் பயப்படுகிறார். 2022இல் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே கடதாசி இல்லாமல் ஒத்திப்போடப்பட்டது ஞாபகமிருக்கும். அன்று ஏறிய அச்சுச் செலவு பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. கடைக்குக் கொடுத்தால் நூறு ரூபாவில் முப்பதோ நாற்பதோ கழிவு. அதுவும் விற்றபின், அதுவும் நாலைந்து தரம் போய் நின்றபின். தபாலில் அனுப்பினால் சில நேரம் நூலின் விலையில் பாதி முத்திரைக்கே போகிறது. என் மடலில் நான் முதலில் எழுதத் தொடங்கியது இதைத்தான். ஒரு நூல் வந்து ஒரு வருடம் முடிந்ததும் அதன் கணக்கைப் போட்டேன்: அச்சுக்கூலி, கடைக்குப் போனது, திரும்பி வந்தது, இனாமாகப் போனது. இனாமாகப் போனது விற்றதைவிட அதிகம் என்று அச்சில் பார்த்தபோது பலருக்குச் சங்கடம். அந்த இனாம் பிரதிகளில் அவர்களுடையதும் இருந்ததுதான் காரணம்.

நூலாசிரியருக்கும் சங்கடம். “என்ட புத்தகம் விக்கல்லண்டு ஊருக்கெல்லாம் சொல்லி என்னத்தக் கண்டீங்க?” என்று நேரில் வந்தே கேட்டார். நல்ல மனிதர், எனக்கு மூத்தவர். நான் சொன்னேன், “சேர், உங்கட எழுத்துக் கூடாதுண்டு நான் சொல்லல்ல. எங்கட சந்தை எப்பிடியிருக்கிண்டுதான் சொன்ன.” அவருக்கு அது சமாதானமாகத் தெரியவில்லை. இப்போதும் என்னோடு பேசுவார், நூல் மட்டும் வேறு இடத்தில் போடுகிறார். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் நூல் என்பது வெறும் சரக்கல்ல, ஒருவரின் மரியாதை. விற்காத நூலைப் பற்றிப் பேசுவது அவருடைய மானத்தைப் பேசுவதாகத்தான் கேட்பவர் காதில் விழும். ஒரு முஸ்லிமின் குறையைச் சபையில் சொல்லலாமா என்றும் கேட்கலாம். ஆனால் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைக்காதே, வாங்குகிறவர் பார்க்கும்படி மேலே போடு என்று வியாபாரிக்குக் கற்றுத்தந்த மரபும் நம்முடையதுதானே. நூல் விற்கிறவனும் வியாபாரிதான். கணக்கைச் சொல்லும்போது நான் ஆசிரியரின் பெயரை விட்டுவிட்டு எழுதலாம். அப்படித்தான் இப்போது செய்கிறேன். சின்ன ஊரில் அதெல்லாம் எத்தனை நாள் மறைந்திருக்கும் என்பது வேறு விசயம்.

கணக்கைவிடக் கஷ்டமானது கருத்து. நான் வெளியிட்ட நாவல் நல்ல நாவல் என்று நானே எழுதலாமா? எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அது எப்படி என் கைக்கு வந்தது, எதை வெட்டச் சொன்னேன், எதை வெட்ட ஆசிரியர் மறுத்தார், அட்டைக்கு யார் படம் வரைந்தார், எத்தனை தரம் புரூப் பார்த்தோம், இவ்வளவு எழுதுவேன். ‘காலத்தால் அழியாத படைப்பு’ என்று எழுத மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவர் என்னிடம் காசு வாங்காத, எனக்குக் காசு தராத ஒருவர். அப்படியான ஆள் நம்மிடம் குறைவு என்பது உண்மை. அந்தக் குறையைப் பதிப்பாளர் தன் பேனாவால் நிரப்பப் பார்த்தால் பின்னட்டை வாசகம் நாலு பக்கத்துக்கு நீளும், அவ்வளவுதான். வாசகர் ஏமாளி அல்ல. இரண்டு தரம் ஏமாந்தால் மூன்றாம் தரம் அவர் நல்ல நூலையும் வாங்க மாட்டார். அந்த மூன்றாவது நூல் ஒருவேளை யாரோ ஒரு தங்கச்சி வீட்டுக்குத் தெரியாமல் எழுதிச் சேர்த்த முதல் தொகுப்பாக இருக்கும். கெட்டுப்போன பெயரின் செலவை அவர் கட்ட வேண்டிவரும். எனக்கு இதில் உள்ள பயம் அதுதான்.

நான் பார்த்தவரை நம்மவர்களின் பதிப்பாளர் பத்திகளில் அறவே வராத ஒரு விடயம் இருக்கிறது: மறுத்த நூல்கள். எதைப் போட்டேன் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எதைப் போடவில்லை, ஏன் போடவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. கையெழுத்துப் பிரதி நன்றாக இருந்தும் ஊரில் சிலருக்குப் பிடிக்காது என்று திருப்பி அனுப்பியதும், நன்றாக இல்லாததைக் காசு வந்ததால் போட்டதும் எல்லாப் பதிப்பகத்திலும் நடக்கிறதுதான். பெண்கள் எழுதியவை, காதி நீதிமன்றம் பற்றியவை, இயக்கச் சண்டைகளைத் தொட்டவை இப்படி எத்தனை பிரதிகள் அலுமாரியில் இருந்து திரும்பிப் போயிருக்கும்? அச்சில் வந்ததை வைத்துத்தான் நாளைய ஆய்வாளர் நம் சமூகம் என்ன நினைத்தது என்று எழுதப்போகிறார். வராதவற்றுக்குச் சாட்சி பதிப்பாளர் ஒருவர்தான்.

ஜீவாவின் தூண்டிலில் இந்தப் பக்கம் ஓரளவு உண்டு. ஏன் என் கதையைப் போடவில்லை என்று கேட்கிறவருக்கு அவர் முகத்துக்கு நேரே பதில் சொல்லுவார். முரட்டுத்தனமாகத் தோன்றலாம். விழா மேடையில் ‘வளர்ந்துவரும் எழுத்தாளர்’ என்று முதுகைத் தட்டிவிட்டுக் கதையை லாச்சிக்குள் போட்டுப் பூட்டுவதைவிட அது மரியாதையானது என்றுதான் நான் சொல்வேன்.

பழைய மல்லிகை இதழ்களை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சஞ்சிகையோ பதிப்பகமோ தொடங்க யோசிக்கிற இளையவர்கள் என்னிடம் வந்தால் வாழ்க்கை வரலாற்றை ஆறுதலாக வாசியுங்கள், முதலில் தூண்டிலை இதழ் இதழாக வாசியுங்கள் என்கிறேன். கடைசியாக வந்தவர் சாய்ந்தமருதுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தர். எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப முதற் பிரதி எடுத்தவர் எவ்வளவு தந்தாரெண்டும் மடல்ல போடுவீங்களா நானா?” என்றார். முதலில் அந்த ஹாஜியாரிடம் கேட்டுப் பாருங்க என்றேன்.